வானத்தைக் கேட்கும் கிண்ணம்

1

இத்தனை வருஷத்தில் அங்கே நீ பார்த்த மிகப் பெரிய பொருள் எது என்று தாம்பரத்திலிருந்து ஒரு நண்பர் எழுதிக் கேட்டிருந்தார். ராணியின் அரண்மனையையோ, மேகத்தைக் குத்துகிற தேவாலயக் கோபுரத்தையோ சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். நான் பார்த்தது ஒரு கிண்ணம். மான்செஸ்டருக்குத் தெற்கே, மாடு மேயும் வயல்களுக்கு நடுவில், வெள்ளைப் பெயிண்ட் அடித்து வானத்தை நோக்கி மல்லாத்தி வைத்திருக்கிறார்கள். நாலைந்து தென்னைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால்தான் அதன் விளிம்பு எட்டும். பெயர் தொலைநோக்கி. ஆனால் அதில் கண் வைத்துப் பார்க்க ஓர் இடமும் கிடையாது. நட்சத்திரங்களிலிருந்து கசிந்து வருகிற வானொலி அலைகளைப் பிடித்துத் தருகிறது. முழுக்க முழுக்க அது ஒரு காது.

அங்கே போய்வந்து இந்த ஆகஸ்டோடு ஒரு வருஷம். நான், என் மனைவி லீலா, கோடைக்கு ஊரிலிருந்து வந்திருந்த என் அக்கா எஸ்தர், எங்கள் மகள் மெர்சி. நாலு பேர் போனோம், நாலு பேரும் ஒரே ரயிலில்தான் திரும்பினோம். ஆனாலும் ஒருத்தியை அந்தப் புல்வெளியிலேயே விட்டுவிட்டு வந்ததுபோல் இருக்கிறது எனக்கு. இங்கே ஆகஸ்டிலும் மழை தூறும். தூறல் விழும்போதெல்லாம் திரும்பிப் போய்த் தேட வேண்டும் என்று கால் பரபரக்கிறது.

2

நான் இங்கே பஸ் கண்டக்டர். ஊரில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்டுக்கொண்டவன்; கல்லூரி மலரில் வசன கவிதை எழுதி நாலு பேரிடம் திட்டு வாங்கியவன். அந்தப் பட்டம் இங்கே எதற்கு ஆகும் என்று கேட்டு அலுவலகம் அலுவலகமாக நடந்தேன். ஒரு ஜன்னலில் இன்னொரு ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். கடைசி ஜன்னலில் இருந்த மனிதர் பஸ் டிப்போவுக்கு வழி சொன்னார். லீலா நர்ஸ். அவளுடைய படிப்பை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.

வந்த புதிதில் வேலிக்கு அந்தப்புறம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாளிடம், நம் ஊர் வழக்கப்படி, "சாப்பிட்டாச்சா?" என்பதை இங்கிலீஷில் கேட்டுவைத்தேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்து, "இன்னும் இல்லையே" என்று சொல்லி, கோட்டு மாட்டிக்கொண்டு, அரை மணி நேரத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டாள். வீட்டில் இருந்தது முந்தின நாள் குழம்பு. லீலா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

மெர்சி வரும்போது அவளுக்கு ஐந்து வயது. தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. கப்பலில் மேல்தளத்தில் நின்றுகொண்டு, தாம்பரம் பிளாட்பாரத்தில் வேர்க்கடலை விற்கிறவரைப் போலக் கடலைப் பார்த்துக் கூவுவாள். வெள்ளைக்காரக் கிழவர்கள் கைதட்டுவார்கள். இங்கே பள்ளியில் சேர்த்த மூன்றாம் மாதம் ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, பிள்ளை வாயே திறப்பதில்லை, வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மொழிக்கும் நடுவில் சிக்கிக்கொள்வாள் என்றார். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதித் தந்த மாதிரி அதை வாங்கிக்கொண்டு வந்தோம். அன்றிலிருந்து மெர்சியோடு இங்கிலீஷ். நானும் லீலாவும் எங்களுக்குள் தமிழ்.

இப்படித்தான் எங்கள் வீட்டில் தமிழ் ஒரு பூட்டாக மாறியது. அவளுக்குத் தெரியக்கூடாதது எல்லாம் தமிழில். லீலாவின் வயிற்றுக் கட்டி, அதை அறுத்து எடுத்தது, டிப்போவில் ஒருத்தன் என் தொப்பியைத் தட்டிவிட்டது, வந்தது தப்பு என்று அவளும் தப்பில்லை என்று நானும் போட்ட சண்டைகள், அப்புறம் இடம் மாறி நான் தப்பு என்றும் அவள் தப்பில்லை என்றும் போட்ட சண்டைகள். ஒரே மேஜையில் எதிரே உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள் பெண். அவள் தலைக்கு மேலே தமிழ் போகும், வரும். ஏதாவது ஒரு சொல்லுக்காவது நிமிர்ந்து பார்த்திருக்கிறாளா? இல்லை. மறந்துவிட்டாள் என்று நம்பினோம். ஒரு பக்கம் அது துக்கம். இன்னொரு பக்கம் வசதி.

பதின்மூன்று வயதில் அவள் மாறினாள். முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்தாள். அறைக் கதவைச் சாத்தினாள். நான் கண்டக்டராக இருக்கும் பஸ் வந்தால் ஏறமாட்டாள். தோழிகளோடு நிறுத்தத்தில் நின்று வேறு பக்கம் பார்ப்பாள். அடுத்த பஸ்ஸில் வருவாள். படிக்கட்டில் நின்று மணியை இழுத்துவிட்டு நான் அவளைக் கடந்துபோவேன். எத்தனையோ தடவை.

அக்கா எஸ்தர் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறாள். வந்து இறங்கிய மறு வாரமே லீலா சமையலறையில் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கூட்டிட்டுப் போயிடுங்கக்கா. நான் நைட் டூட்டிக்குப் போறேன், இவரு காலைல போறாரு. இவ யார்கூடப் போறா வர்றான்னு கேக்க நாதி இல்ல."

"நான் சொன்னா ஸ்கூல்ல சீட்டு இல்லன்னு சொல்லுவாங்களா? கூட்டிட்டுப் போறேன். ஆனா உன் பொண்ணு வரணுமே" என்றாள் அக்கா.

"லீவுக்குன்னு சொல்லலாம். அங்க போனப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

மெர்சிக்குத் தனி பாஸ்போர்ட் வாங்கப் போனோம். அதுவரை அம்மாவின் பாஸ்போர்ட்டில்தான் அவள் பெயர். பயணம் எதற்காக என்று கேட்டார்கள். "ஹாலிடே" என்றாள் லீலா. மெர்சி பக்கத்தில் நின்று சுவரில் ஒட்டியிருந்த கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் தயார். என் சம்மதம் மட்டும் பாக்கி. அக்கா அதில் கண்டிப்பு. "தகப்பன் வாயால சரின்னு சொல்லாம நான் பிள்ளையைத் தொடமாட்டேன்" என்றாள். நான் இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் நடக்கும். அக்காதான் ஜெபிப்பாள். அவளுடைய ஜெபம் கர்த்தருக்குப் பாதி, எனக்குப் பாதி. "ஆண்டவரே, இந்தப் பிள்ளையை நல்ல இடத்துல கொண்டுபோய்ச் சேர்க்க எனக்குப் பெலன் தாரும். இதோ உக்காந்திருக்கானே என் தம்பி, இவன் மனசுல இருக்கிற கல்லை எடுத்துப் போடும்." மெர்சியும் தலை குனிந்து கண்மூடி உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் எங்களோடு சேர்ந்து ஆமென் சொல்வாள்.

3

அக்காவுக்கும் எனக்கும் ரேடியோவோடு ஒரு பழைய உறவு உண்டு.

எங்கள் அப்பா ரயில்வே குமாஸ்தா. எங்கள் தெருவில் முதல் வால்வு ரேடியோ எங்கள் வீட்டில். வருஷா வருஷம் தபாலாபீசில் அதற்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கியூவில் நின்ற கோபத்தை அப்பா ரேடியோமேல் காட்டுவார், அதன் தலையில் தட்டுவார். அது அடங்கிவிடும். அப்புறம் அக்கா மொட்டை மாடிக்கு ஏறுவாள். இரண்டு மூங்கிலுக்கு நடுவில் கட்டியிருந்த ஏரியல் கம்பியை அசைப்பாள். நான் கீழே ஜன்னலில் நின்று கத்துவேன்.

"வந்துச்சுக்கா! வந்துச்சு! ஐயோ போச்சு!"

"டேய், வந்துச்சா போச்சா, ஒண்ணு சொல்லு!"

பொழிச்சலூர்ப் பக்கமாகத் தாழ்ந்து வருகிற விமானம் ஒவ்வொன்றும் பாட்டை நடுவில் அறுத்துவிட்டுப் போகும். பல்லாவரத்தில் மத்தியானம் பாறைக்கு வெடி வைத்தால் கரகரவென்று இரையும். மின்சார ரயில் போனாலும் அப்படித்தான். அந்த இரைச்சல்களுக்கு இடையில் கொழும்பிலிருந்து ஒரு பெண் குரல் எழும்பி வந்து "நேயர்களே" என்று கூப்பிடும்போது எனக்கு மயிர் சிலிர்க்கும். யாரோ தூரத்தில் நம்மை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கிறக்கம். அந்தக் கிறக்கத்தில்தான் நான் கப்பல் ஏறினேன் போலிருக்கிறது. இப்போது தூரத்தில் இருப்பவன் நான். தூரத்தில் இருப்பவன் நாள் முழுக்க யாரையும் நினைத்துக்கொண்டிருப்பதில்லை. பூட்ஸ் ஈரமாக இருக்கிறதே என்று நினைக்கிறான், அதுதான் உண்மை.

ஆகவே, சுற்றிப் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டதும் அக்கா அரண்மனை கேட்கவில்லை. "பெரிய ரேடியோ ஒண்ணு இருக்காமே, அதைக் காட்டு" என்றாள். அவள் புறப்பட இன்னும் ஒரு வாரம் இருந்தது. மெர்சியின் பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. "லீவுக்கு" என்று லீலா அதில் ஸ்வெட்டர்கூட வைத்திருந்தாள்.

4

சின்ன ஸ்டேஷனில் இறங்கி வயல்களுக்கு நடுவில் நடந்தோம். மெர்சி முன்னால், கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு. நாங்கள் மூவரும் பின்னால். வேலியோரப் புதரைத் தாண்டியதும் சட்டென்று அது தெரிந்தது. மரங்களுக்கு மேலே இன்னொரு வானம் கவிழ்ந்து எழுந்த மாதிரி. அக்கா நின்றுவிட்டாள்.

"ஏண்டா ஞானம், இந்தச் சட்டியில பிரியாணி போட்டா நம்ம சர்ச் அறுப்பின் பண்டிகைக்கு எத்தனை வருஷம் தாங்கும்?"

"கிண்டறதுக்குக் கரண்டி வேணுமேக்கா."

"கரண்டிக்கு மீனம்பாக்கத்துல இருந்து பிளேன் கொண்டாரச் சொல்லு."

லீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன். முன்னால் போன மெர்சியின் தோள்கூடக் குலுங்கியதுபோல் இருந்தது. காற்று என்று நினைத்தேன்.

அருகே போனால் அதன் இரண்டு கோபுரக் கால்களும் வட்டமாகப் போட்ட தண்டவாளத்தின்மேல் நின்றன. முழுக் கிண்ணமும் அந்தத் தண்டவாளத்தில் ஊர்ந்து திரும்புமாம். "தாம்பரம் யார்டையே பேத்துக்கிட்டு வந்துட்டானுங்கடா" என்றாள் அக்கா. ரயில்வே குமாஸ்தா மகள். சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறார்களா என்று வேலிக்கு இப்பாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள்.

சுற்றுலாக்காரர்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு சிவந்த முடிக்காரப் பையன் இருந்தான். இந்தக் கிண்ணத்துக்குள் விழுகிற அலைகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே புறப்பட்டவை, அனுப்பிய நட்சத்திரம் இப்போது இருக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது என்றான். ஒரு நாடாவைப் போட்டுக் காட்டினான். டக், டக், டக். சுழலும் நட்சத்திரம் ஒன்றின் துடிப்பு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மாதா கோயிலுக்குள் வந்தவர்கள் மாதிரி அமைதியாகிவிட்டார்கள்.

அக்கா என் காதருகே வந்து, அதாவது காதருகே என்று அவள் நினைத்துக்கொண்டு கூடமே கேட்கிற குரலில், "இவ்ளோ பெரிய காதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கானே, கர்த்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருக்காதா?" என்றாள்.

"சொல்லியிருப்பாரு. தமிழ்ல சொல்லியிருப்பாரு, இவனுக்குப் புரிஞ்சிருக்காது."

இதுதான் எங்கள் வழக்கம். தமிழ் பேசினால் சுற்றிலும் சுவர் எழுந்துவிட்டது என்று எங்களுக்கு நினைப்பு. பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரி வராந்தாவில், எதிரே உள்ள மனிதரின் மூக்கைப் பற்றி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவோம். இந்தத் தைரியம் ஊரில் ஒருத்தருக்கும் வராது. இங்கே வந்த நம் ஆட்கள் எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

வெளியே வரும்போது அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னிக்குச் சொல்லிடு ஞானம். சரின்னா சரி, இல்லன்னா இல்ல. ஒரு வாரத்துல பிளேன். பெட்டியைக் கட்டறதா பிரிக்கறதா?"

5

புல்வெளியில் பார்வையாளர்களுக்காக இரண்டு சின்னக் கிண்ணங்களை நிறுத்தியிருந்தார்கள். சின்னது என்றால் ஆள் உயரத்துக்கு மேலே. ஒன்று இந்தக் கோடியில், மற்றது அந்தக் கோடியில், ஒன்றையொன்று பார்த்தபடி. இடையில் நல்ல கிரிக்கெட் மைதானம் அளவு தூரம். ஒருவர் இந்தக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக் கிசுகிசுத்தால் அந்தக் கோடியில் உள்ளவருக்குக் காதோடு பேசுவதுபோல் கேட்கும். நடுவில் நடப்பவருக்கு ஒன்றும் கேட்காது. பேசுகிறவர்கள் இருவரும் அவரவர் கிண்ணத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அதாவது ஒருவருக்கொருவர் முதுகு.

அக்காவுக்கு அறுபது வயதை நெருங்குகிறது என்பதை அந்தக் கிண்ணங்கள் மறக்கடித்துவிட்டன. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடிக்கு ஓடினாள். லீலா கால் வலிக்கிறது என்று டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தாள். மெர்சி எங்கோ புல்வெளியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நான் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தேன். இரும்பின் குளிர். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு என் பிடரிக்குள்ளிருந்தே எழுந்து வருவதுபோல் அக்காவின் குரல்.

"டேய் ஞானம். வந்துச்சா போச்சா?"

"வந்துச்சுக்கா."

"இப்ப சொல்லு. இங்க யாரு இருக்கா கேக்க? லீலா இல்ல, உன் பொண்ணு இல்ல. மனசுல இருக்கிறதை இந்தச் சட்டியில கொட்டு."

நான் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பின்னால் குழந்தைகள் ஓடும் சத்தம், யாரோ நாயைக் கூப்பிடும் சத்தம் எல்லாம் வந்தன. என் வாய் கூசியது. முகம் பார்க்காமல் பேசுவது ஒரு போதை. பாவ அறிக்கை கேட்கிற பாதிரியாரும் அதனால்தான் திரைக்கு அந்தப்பக்கம் உட்காருகிறார் போலும். மெல்ல ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை.

"கூட்டிட்டுப் போக்கா. லீவுன்னே சொல்லிக் கூட்டிட்டுப் போ. பாஸ்போர்ட்டை உங்கிட்டயே வெச்சுக்கோ. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாத. என்னால முடியலக்கா. என் பஸ்ஸைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறா. யாரோ வீட்டுப் பொண்ணு நம்ம வீட்டுல தங்கியிருக்கிற மாதிரி இருக்கு. அவ சாப்பிடறதைப் பார்த்தாக்கூட எனக்குப் பயமா இருக்கு. நான்தான் ஊருக்குத் திரும்ப முடியாது. அவளாவது போகட்டும். அங்க இருந்தா நம்ம பொண்ணா இருப்பா. இங்க இருந்தா இருக்கமாட்டா. போதும்க்கா. கூட்டிட்டுப் போயிடு."

பதில் வரவில்லை. அக்கா அழுகிறாள் என்று நினைத்தேன்.

"கேக்குதாக்கா?"

கிண்ணத்துக்குள் ஒரு மூச்சு. பிறகு,

"அத்தை அம்மாவைப் பாக்கப் போயிட்டாங்கப்பா. நீங்க ரொம்ப நேரம் பேசவே இல்லையாம். நான்தான் நிக்கிறேன்."

தமிழ். சுத்தமான, தாம்பரத்துத் தமிழ். ஐந்து வயதுக் குரல் எங்கே நின்றுபோனதோ அங்கிருந்து எழுந்து வந்து பதின்மூன்று வயதில் பேசுகிறது. என் காதுக்குள், என் மண்டைக்குள் பேசுகிறது. கேளுங்கள், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதைத்தான் இன்றுவரை யாரிடமும் சொல்ல முடியவில்லை. என் மகள் அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள் என்ற பைத்தியக்காரச் சந்தோஷம். ஒரு கண் இமைக்கும் நேரம். அதற்குள் அவள் மேலே பேசினாள்.

"லீவு இல்லன்னு எனக்குத் தெரியும். அம்மா கிச்சன்ல அத்தைகிட்டச் சொன்னாங்க இல்ல, அன்னிக்கே தெரியும். தினம் ஜெபத்துல வேற சொல்றாங்க."

"மெர்சி..."

"நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்பா."

நான் திரும்பினேன். திரும்பினால் குரல் அறுந்துவிடும், அது எனக்குத் தோன்றவில்லை. தூரத்தில், எதிர்க் கிண்ணத்தின் முன்னால், வெட்டிய முடியும் நீலக் கோட்டுமாக ஒரு சின்ன முதுகு. நான் வாயைத் திறந்து கத்தினேன். வேண்டாம் என்றுதான் கத்தினேன். புல்வெளி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கிண்ணத்துக்கு முகம் கொடுத்திருந்த அவளுக்கு அது எட்டியதா, என்னவாக எட்டியது, தெரியாது.

6

டீக்கடையில் நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். அக்கா டீயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். "பாலைக் காமிச்சுட்டு எடுத்துட்டான் போல." யாரும் சிரிக்காததைப் பார்த்து என் முகத்தைப் பார்த்தாள். மெர்சி கோப்பையை நகர்த்திவைத்துவிட்டு, இங்கிலீஷில், தினம் பேசுகிற அந்த நிதானமான குரலில், அத்தையோடு தான் போவதாகவும், லீவுக்கு இல்லை, இருப்பதற்கே போவதாகவும், ஸ்வெட்டர்கள் வேண்டாம் என்றும் சொன்னாள்.

லீலாவின் கை டீ ஸ்பூனோடு அப்படியே நின்றது. "ஏங்க, இவளுக்கு யாரு சொன்னது?" என்று என்னிடம் தமிழில் கேட்டாள். கேட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷத்துத் தமிழும் லீலாவின் முகத்தில் ஒவ்வொன்றாக ஏறி வருவதைப் பார்த்தேன். கட்டி. ஆபரேஷன். என்னைக் கட்டிக்கொண்டதற்குக் கிணற்றில் விழுந்திருக்கலாம் என்று அவள் சொன்னது. இவள் பிறந்திருக்காவிட்டால் எப்போதோ ஊருக்குப் போயிருப்பேன் என்று நான் சொன்னது. எல்லாவற்றையும் இந்தப் பெண் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

"நீ போக வேண்டாம் மெர்சி. நான் சொன்னது தப்பு" என்றேன். தமிழில்.

"யூ ஸெட் இட், டாடி" என்றாள். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, பிள்ளையை வெச்சுக்கிட்டா ஜெபம் பண்ணேன்?" என்றாள். பிறகு மெர்சியின் கையைப் பிடித்து, "நீ மனசார வர்றேன்னா வா கண்ணு. கோவத்துல வர்றேன்னா வராத. அத்தை வீடு கோவிச்சுக்கிட்டு வர்ற இடம் இல்ல" என்றாள்.

"கோவம் இல்ல அத்தை" என்றாள் மெர்சி, தமிழில். அத்தைக்குத் தமிழ், எனக்கு இங்கிலீஷ். அன்றைக்கே பிரித்துவிட்டாள்.

திரும்பும் ரயிலில் ஒருவரும் பேசவில்லை. பேச எங்களிடம் மொழி இல்லை. தமிழ் திறந்து கிடந்தது. இங்கிலீஷில் அழத் தெரியாது எங்களுக்கு. ஜன்னலுக்கு வெளியே ரொம்ப நேரம் அந்த வெள்ளைக் கிண்ணம் கூடவே வந்தது.

அந்த வாரம் முழுக்கத் தடுத்துப் பார்த்தேன். வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்தேன். அறைக் கதவுக்கு வெளியே நின்று பேசினேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். விமான நிலையத்தில் என் கன்னத்தில் முத்தமிட்டாள், இந்த நாட்டுப் பிள்ளைகள் மாமா சித்தப்பாவுக்குக் கொடுக்கிற மாதிரி. உள்ளே போகும்போது அக்காதான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

7

இதைப் படிக்கிற உங்களில் சிலர் அவளைப் பார்த்திருப்பீர்கள். கிழக்குத் தாம்பரத்தில் எஸ்தர் டீச்சர் வீட்டுப் பெண் என்றால் தெரியும். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். முடி வளர்ந்துவிட்டதாம். சேலையூர் ஏரிக்கரையில் தோழிகளோடு உட்கார்ந்து நாவற்பழம் தின்று நாக்கை நீட்டிக் காட்டுவாளாம். ஒரு நாள் ரிக்‌ஷாக்காரரிடம், "இன்னாபா, காலங்காத்தால பேஜார் பண்ணிக்கினு" என்றாளாம். "டீச்சர் வீட்டுப் பொண்ணு பேசற பேச்சா இது, எனக்கே வெக்கமா கீது" என்று அக்கா எழுதியிருந்தாள், அந்தப் பேச்சு அவளுக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. நானும் லீலாவும் அந்த வரியை மாறி மாறி வாசித்தோம். சிரித்தோம். அப்புறம் லீலா அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

நான் போக முடியாத ஊருக்கு ஆள் மாற்றி அவளை அனுப்பிவிட்டேன் என்று சில சமயம் தோன்றும். எனக்குப் பதிலாக அவள் அந்தப் பிளாட்பாரத்தில் நடக்கிறாள். நான் ஆசைப்பட்டதெல்லாம் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அதில் நான் மட்டும் இல்லை. வீட்டில் நாங்கள் இருவரும் இப்போது எதை வேண்டுமானாலும் எந்த மொழியிலும் பேசலாம். பேசுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை.

பஸ்ஸில் அவள் தோழிகளோடு நின்ற அந்த நிறுத்தம் வரும்போது நான் உள்ளே போய் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பேன். வெளியே பார்ப்பதில்லை.

போன வாரம் டிரங்க் கால் போட்டேன். அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு டாக்டர் வீட்டில் போன் இருக்கிறது. ஆபரேட்டரிடம் சொல்லிவைத்துவிட்டுக் காலையெல்லாம் காத்திருந்தோம். மணி அடித்ததும் லீலா என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். லைனில் கடல் இரைந்தது. நாம் ஒன்று சொன்னால் அது போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் நாமே அடுத்ததைச் சொல்லிவிடுவோம், இரண்டும் முட்டிக்கொள்ளும்.

"மெர்சி, அப்பா பேசறேன்மா. நல்லா இருக்கியா?"

"எஸ், டாடி. ஐ ஆம் வெரி வெல், தேங்க் யூ."

"சாப்பிட்டியா? அத்தை எப்படி இருக்காங்க?"

எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. இங்கிலீஷில், முழு வாக்கியங்களில். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வெயில் அதிகம். அம்மாவின் முதுகுவலி தேவலையா என்று கேட்டாள். நான் தயாராக வைத்திருந்த கேள்வியை எடுத்தேன்.

"வந்துடறியாம்மா? டிக்கெட் அனுப்பறேன். அப்பா கூப்பிடறேன், வந்துடு."

இரைச்சல். லைன் தாமதம் என்று நினைத்தேன். அதைவிடக் கொஞ்சம் நீளமாகப் போனது.

"நோ, தேங்க் யூ, டாடி."

இரண்டாவது கோப்பை டீ வேண்டாம் என்பதுபோல். பிறகு குட் பை சொன்னாள். ஆனால் ரிசீவரை அவள் சரியாக வைக்கவில்லை. லைன் திறந்தே இருந்தது. தூரத்தில் மின்சார ரயில் ஊதியது. யாரோ ஒரு பெண் வாசலிலிருந்து கூப்பிட, மெர்சி சிரித்துக்கொண்டே, "இருடி, வந்துகினே கீறேன். செருப்பு எங்க போட்டேன்? நீதானே எடுத்தே, குடுடீ" என்கிறாள். அந்தப் பெண் ஏதோ சொல்ல, "போடீ, உனக்கு இன்னாத்துக்கு அது" என்கிறாள். ஓடுகிற சத்தம். மறுபடி சிரிப்பு.

"என்ன சொல்றா?" என்று கீழேயிருந்து லீலா என் காற்சட்டையை இழுத்தாள்.

"பேசிக்கிட்டிருக்கா."

"யார்கூட?"

ரிசீவரை அவள் காதில் வைத்தேன்.